அமலோற்பவத்தின் தோள்

காலையில் ஓடிவிட்டுத் திரும்பிய கணவனை நறுமுகை வாசலிலேயே நிறுத்தினாள். அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துத் தன் மணிக்கட்டோடு ஒட்டிவைத்தாள். தோலுக்கு அடியிலிருந்த சில்லுகள் இரண்டும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. பச்சை வெளிச்சம் வந்தது. 'பாரிவேல்' என்று அவள் காதுக்குள் ஒரு குரல் சொன்னது. அதற்குப் பிறகுதான் காபி.

மணப்பாடு மிதவைநகரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். இதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதுபோல அதுவும் ஒரு பழக்கம். போன மழைக்காலத்தில் ஒருநாள் அவசரத்தில் நறுமுகை அதை மறந்துவிட்டாள். வந்து உட்கார்ந்தவருக்கு இட்லி வைத்து, கொழுந்தன் கல்யாணப் பேச்சு எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் 'ம்' கொட்டிக்கொண்டே சாப்பிட்டார். பாதியில் பாரிவேல் உள்ளே வந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மேல்மாடிக்காரர்.

"எங்க வீட்ல சட்னி இவ்வளவு நல்லா இருக்காதேன்னு அப்பவே நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

எல்லாம் மறுவார்ப்பு செய்த வேலை. இருபது வயது நிறைந்ததும் ஒவ்வொருவரும் ஏதாவதொரு வார்ப்பகத்துக்குப் போய், கையில் ஓர் ஊசி போட்டுக்கொள்வார்கள். அதன் வழியே உடம்புக்குள் இறங்கும் நுண்கொத்தர்கள், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன இயந்திரங்கள், சில வாரங்களுக்கு உள்ளே இருந்து வேலை செய்யும். எலும்பைச் செதுக்கும், கொழுப்பை இடம் மாற்றும், தோலை இழுத்துப் பூசும். வேண்டிய உருவம் வந்ததும் சிறுநீரில் வெளியேறிவிடும். அலுத்துப்போனால் பிறகு எப்போது வேண்டுமானாலும் வேறு உருவத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளலாம். வார்ப்பகங்களின் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான உருவங்கள் இருந்தன. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் சட்டம். தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் களஞ்சியம் முழுவதையும் ஆசையாகப் புரட்டிப் பார்ப்பார்கள். கடைசியில், அந்த வருஷம் எல்லோரும் எதை எடுத்துக்கொண்டார்களோ அதையே எடுத்துக்கொண்டு வருவார்கள்.

பாரிவேலும் மேல்மாடிக்காரரும் 'பொதிகை' என்ற வார்ப்பு. நகரத்து ஆண்களில் பெரும்பாலோர் பொதிகைதான். அந்த உருவத்தைப் படைத்தவள் நறுமுகை. 'உருவகம்' என்ற வார்ப்பகத்தில் அவள் தலைமை வடிவமைப்பாளர். வடிவமைப்பு என்றால் பெரிய வேலை இல்லை. 'வடிவி' என்ற இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, 'தோள் இன்னும் கொஞ்சம் அகலமாக', 'தாடையில் கொஞ்சம் பிடிவாதம்' என்று சொல்லச் சொல்ல அது உருவத்தைக் காற்றில் நிறுத்திக் காட்டும். பிடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் அவளுக்கு நல்ல பெயர்.

அந்தப் பெயரோடுதான் அன்று அவள் நீதிமன்றத்துக்குப் போனாள். படகுத்துறைக் காவலர் ஒருவரை யாரோ தாடையில் குத்திவிட்டு, கூட்டத்தில் கலந்துவிட்டான். குத்தியவன் மணிக்கட்டில் ஈயத்தாள் சுற்றியிருந்ததால் சில்லு பேசவில்லை. செல்லையா என்ற படகு மெக்கானிக்கைப் பிடித்து நிறுத்தி, இவன்தான் என்று காவலர் அடித்துச் சொன்னார். செல்லையாவும் பொதிகை. அவனுக்காக வாதாடிய வழக்கறிஞர், பொதிகையைப் படைத்தவரைச் சாட்சியாக அழைத்திருந்தார்.

அந்த வழக்கறிஞரைப் பார்த்ததும் நறுமுகை சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். நாகரிகம் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஏனென்றால் அமலோற்பவம் வார்க்கப்படாதவர். நகரத்தில் அப்படி இருந்தது அநேகமாக அவர் ஒருவர்தான். நறுமுகையின் வயதுதான் இருக்கும். ஆனால் அந்த வயது அவர் உடம்பில் வெளிப்படையாகத் தெரிந்தது.

"பொதிகை நீங்க செஞ்சதுதானே?" என்றார் அமலோற்பவம். நகரம் மிதக்கத் தொடங்குவதற்கு முன்பிருந்தே அந்தக் கரையில் வாழ்ந்த குடும்பம் அவருடையது. பேச்சில் அந்தக் கரை இருந்தது.

"ஆமா."

"ஒரே வார்ப்பு எடுத்துக்கிட்ட ரெண்டு பேரை வேற வேற ஆளுன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியுமா?"

"முடியும்" என்றாள் நறுமுகை. தன் வேலையைப் பற்றிய கேள்வி என்பதால் தலையை நிமிர்த்தியே பதில் சொன்னாள். "உருவம் ஒண்ணா இருந்தாலும் நிக்கிற விதம் வேற வேறயா இருக்கும். பழக்கப்பட்ட கண்ணுக்குத் தெரியும்."

"உங்க கண்ணு பழக்கப்பட்ட கண்ணுதானே? நீங்க செஞ்ச உடம்பு எப்படி நிக்கும்னு அந்தப் பலகைல கொஞ்சம் வரைஞ்சு காட்டுங்க. கேக்கேன்னு தப்பா நினைக்காதீங்க."

நறுமுகை எழுதுகோலை வாங்கிக்கொண்டு பலகைக்கு முன் நின்றாள். பல்லாயிரம் ஆண்களின் உடம்பைப் படைத்தவளின் கை, வெள்ளைப் பரப்பைக் கண்டதும் விறைத்துப் போனது. ஒரு வட்டம் போட்டாள். அதற்குக் கீழே பெட்டி போல ஒன்று. பெட்டியிலிருந்து நான்கு குச்சிகள். கைக் குச்சிகளின் நுனியில் சீப்பு மாதிரி விரல்கள். பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு மன்றம் முழுவதும் பரவியது. நீதிபதியும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அமலோற்பவம் மட்டும் சிரிக்கவில்லை. "உண்டாக்கினவங்களுக்கே இவ்வளவுதான் தெரியும்னா, ஓடுற கூட்டத்துல ஒரு நொடி பாத்த காவலருக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கும்?" என்று மன்றத்தைப் பார்த்துக் கேட்டார். செல்லையா விடுதலை ஆனான்.

அவமானத்தில் நறுமுகைக்குக் காது சுட்டது. ஆனால் கூண்டிலிருந்து இறங்கும்போது அவள் ஒன்றைப் பார்த்தாள். வாதத்தை முடித்த களைப்பில் அமலோற்பவம் மரக் கம்பியில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து நின்றார். எடை முழுவதும் ஒரு காலில். அந்தப் பக்கத்து இடுப்பு ஏறியிருந்தது, அதே பக்கத்துத் தோள் அதற்கு ஈடாகத் தணிந்திருந்தது. கழுத்து எதிர்ப்பக்கம் லேசாக வளைந்து தலையை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை ஒரே அசைவு, கட்டிய படகின் கயிறு அலையில் தளர்ந்து இறுகுவதுபோல. வடிவியிடம் இதை எந்த வார்த்தையால் கேட்பது என்று நறுமுகைக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் இதை ஒருதடவைகூடக் கேட்கவில்லையே என்றும் அப்போதுதான் உறைத்தது.

வெளியே வராந்தாவில் காத்திருந்தாள்.

"வக்கீலம்மா, ஒரு நிமிஷம். நான் உங்களை வரையணும்."

அமலோற்பவத்தின் முகம் இறுகியது. "எதுக்கு? உங்க வார்ப்பகத்துல, 'இப்படியெல்லாம் ஆயிருவீங்க'ன்னு மாட்டி வைக்கவா?"

"இல்ல. எனக்கு வரையத் தெரியலைன்னு நீங்கதான் ஊரைக் கூட்டிச் சொன்னீங்க. அப்ப கத்துக்கவும் நீங்கதான் உட்காரணும்."

அமலோற்பவம் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சிரிப்பில் கண்ணோரத்துச் சுருக்கங்கள் விசிறி போல விரிந்தன. நறுமுகை அதையும் பார்த்தாள்.

"சரி, வாங்க. ஆனா ஒண்ணு சொல்லுதேன். என்னை வரையிறேன்னுட்டு என்னைப் பாக்காம வரைஞ்சீங்கன்னா எழுந்து போயிருவேன்."

வரைவதற்குத் தாள் கிடைக்கவில்லை. நகரத்தில் எழுதவோ வரையவோ தாளை யாரும் பயன்படுத்துவதே இல்லை. கடைசியில் படகுத்துறையில் கருவாடு சுற்றும் தடித்த பழுப்புத் தாளை ஒரு கட்டு வாங்கினாள். வேப்பங்குச்சிகளை மூடியுள்ள தகரடப்பாவில் போட்டு அடுப்பில் வைத்து, புகை அடங்கும்வரை வாட்டி எடுத்தாள். கரிக்குச்சி தயார். விடுமுறை நாளில் காலை வெயில் ஏறியதும் அமலோற்பவத்தின் வீட்டுக்குப் போனாள். கடலைப் பார்த்த அகலமான கூடம். கையில்லாத பருத்திச் சட்டையும் முழங்கால்வரை ஒரு கால்சட்டையும் போட்டுக்கொண்டு, சன்னலோரம் முக்காலியில் அமலோற்பவம் உட்கார்ந்திருந்தார். கூடமெல்லாம் கருவாட்டு வாசனை பரவியது.

"வரையிறீங்களா, குழம்பு வைக்கிறீங்களா?" என்றார்.

முதல் படம் முடிந்ததும் எழுந்து வந்து பார்த்தார். படத்தில் கண்கள் நெற்றிக்கு மேலே, தலைமுடி தொடங்கும் இடத்தில் இருந்தன.

"என் கண்ணு இங்கயா இருக்கு?"

"கண்ணு மேலதானே இருக்கும்?"

"நான் கேட்டது அது இல்ல." குரல் நீதிமன்றத்துக்கு மாறியது. "பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

நறுமுகை மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். குச்சியைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உச்சந்தலையிலிருந்து கண்வரை அளந்தாள். பிறகு கண்ணிலிருந்து தாடைவரை. இரண்டும் ஒன்றாக இருந்தன. கண்கள் தலைக்குச் சரிபாதியில் இருந்தன. வாழ்நாள் முழுவதும் மனித முகங்களுக்கு நடுவே வாழ்ந்தவள், முகங்களாலேயே பேர் வாங்கியவள், இதை இன்றுதான் தெரிந்துகொண்டாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் அந்த ஒரே கேள்விதான். கை முகத்தில் முக்கால்வாசியை மூடும் அளவுக்குப் பெரியது என்பதை நறுமுகை பார்த்தாள். அதுவரை சின்னதாகவே நினைத்திருந்தாள். நேரெதிரே உட்கார்ந்திருப்பவரின் தொடை ஒரு சாண்கூட இல்லாமல் குறுகித் தெரிந்தது. தொடை நீளமானது என்று மனம் சொல்லிக்கொடுத்தபடி நீட்டி நீட்டிப் போட்டு, நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டாள். கண்ணை நம்பி ஒருநாள் குட்டையாக வரைந்ததும், முழங்கால் தாளைவிட்டு எழுந்து அவள் மூக்கை நோக்கி வந்தது. பயந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்துகூட விட்டாள். நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, காதுக்கு நேர்கீழே எது வருகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டாள். கை வராதபோது கையை விட்டுவிட்டு, கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரிந்த வானத்துண்டை வரைந்தாள். வானம் சரியாக அமைந்ததும் கை தானாக வந்து நின்றது.

வேலையிலும் அது தெரிந்தது. வடிவி நிறுத்திக் காட்டிய உருவங்கள் எதிலும் எடை இல்லை. தரையில் நின்றாலும் தொங்கவிட்டதுபோல் இருந்தன. எதற்கும் அவள் சம்மதம் சொல்லவில்லை. புது வார்ப்பு வெளிவர வேண்டிய பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. வடிவமைப்பாளர்களே வேண்டாம், வடிவியே தனக்குத் தானே சொல்லிக்கொள்ளட்டும் என்று நிர்வாகத்தில் பேச்சு அடிபட்டது. பாரிவேல் கவலைப்பட்டான்.

"வேலை போயிடும்போல இருக்கு, நீ கரியும் கையுமா சுத்திக்கிட்டிருக்க."

"கொஞ்சம் அப்படியே நில்லு" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"நீ வலது காலை லேசா வெளியே திருப்பி நிக்கிற. மேல்மாடிக்காரர் அப்படி நிக்க மாட்டார்."

பாரிவேல் குனிந்து தன் காலைப் பார்த்தான். அவனுக்கே அது புதுச் செய்தி. ஏனோ அவனுக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

உட்காருவது அமலோற்பவத்துக்கும் எளிதாக இல்லை. கால் மரத்துப்போவதைப் பொறுத்துக்கொண்டார். பார்வையைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தொடக்கத்தில் அவர் தோள்பட்டை தானாகக் குறுகும், கை வயிற்றை மறைக்கும். ஒருநாள் கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கும் இருபது வயசுல ஊசி போட்டாங்க, தெரியுமா? என் ரத்தம் அந்தக் கொத்தனுவளை ஏத்துக்கல. காய்ச்சல், ஜன்னி. வலிப்பு வந்து கட்டில்ல இருந்து விழுந்து காறை எலும்பு ஒடைஞ்சுபோச்சு. ரத்தம் முழுக்க வடிகட்டித்தான் பொழைக்க வச்சாங்க. எலும்பு கோணலாக் கூடிச்சு. அதான் இந்தத் தோள் இறங்கியிருக்கு. அதுக்கப்புறம் என்னை யாரும் பாக்கறதில்ல. மோசமானவங்க இல்ல, நல்லவங்கதான். பாத்தா நான் வருத்தப்படுவேன்னு பாக்கறதில்ல. கல்யாணம் பேச வந்தவங்க எங்க அப்பாவைப் பாத்தே பேசிட்டுப் போனாங்க. எதிர்க்கட்சி வக்கீல்கூட என் தலைக்கு மேல இருக்கிற கடியாரத்தைப் பாத்துத்தான் வாதாடுவான். நீதான் பாக்க."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவரும் கவனிக்கவில்லை.

நறுமுகை அந்தக் காறை எலும்பைப் பார்த்தாள். ஒடிந்து கூடிய இடத்தில் சின்ன மேடு. காலைவெயில் அதன் ஒரு பக்கத்தைத் தொட்டு மறுபக்கத்தில் நிழலை விட்டிருந்தது. அங்கிருந்து கோடு சரிந்து இறங்கி, தோளைச் சுற்றி வளைந்து, கையாக நீண்டது. ஓர் உடம்பு தனக்கு நேர்ந்ததையெல்லாம் சரிக்கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்பதை அவள் அதில் பார்த்தாள். இறங்கிய தோளுக்காக இடுப்பு விட்டுக்கொடுத்திருந்தது, இடுப்புக்காக முழங்கால். சதை, எலும்பு எல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணை விழாமல் பார்த்துக்கொண்டிருந்தன. எந்த வடிவமைப்பாளருக்கும் இது தோன்றியிருக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பார்வையை எடுக்காமல், கையை அதன் போக்கில் போகவிட்டாள்.

"இன்னிக்கு முதுகைக் காட்டி உக்காரேன்" என்றாள் இன்னொரு வாரம். அமலோற்பவம் முடியை அள்ளி முடிந்துகொண்டு திரும்பி உட்கார்ந்தார். வெகுநேரம் கரி தாளில் உரசும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

முடிந்ததும் எழுந்து வந்து பார்த்தவர், வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. தாளுக்கு முன்னால் மெல்ல உட்கார்ந்தார்.

"இது எங்க அப்பா கழுத்து" என்றார்.

நறுமுகைக்குப் புரியவில்லை.

"பிடரிக்குக் கீழ இந்தக் குழி, அதுல இருந்து ரெண்டு பக்கமும் இப்படிப் போறது. அவரு பிந்தித்தான் ஊசி போட்டுக்கிட்டாரு. அதுக்கு முன்னால, வலை இழுக்கையில பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். செத்துப்போய் இத்தனை வருஷம் ஆச்சு. எனக்குப் பின்னாடியே வந்துக்கிட்டு இருந்திருக்காரு, எனக்குத் தெரியல." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே சிரித்தார். "என் முதுகை நான் எங்க பாக்க?"

நறுமுகையின் கை அவளையறியாமல் தன் பிடரிக்குப் போனது. வழவழவென்று, குறையில்லாமல், யாருடையதாகவும் இல்லாமல் இருந்தது. தன் அம்மாவின் கழுத்து எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். அம்மாவும் வார்க்கப்பட்டவள்தான். பாட்டிக்கு முன்னால் யாருக்கும் ஊசி கிடையாது. ஆனால் அவர்கள் யாரையும் அவள் பார்த்ததில்லை.

நிர்வாகி ஆடலரசன் ஒருநாள் அவள் அறைக்கு வந்தார். வேலையைவிட்டு அனுப்பப் போகிறோம் என்று சொல்லத்தான் வந்தார். சுவரெல்லாம் பழுப்புத் தாள்கள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றார். சாய்ந்து நிற்கும் அமலோற்பவம், குனிந்து செருப்பு மாட்டும் அமலோற்பவம், தூங்கிப்போய் வாய் லேசாகத் திறந்திருக்கும் அமலோற்பவம்.

"இவங்களை நான் நீதிமன்றத்துல பார்த்திருக்கேன்" என்றார் கடைசியில். "இல்ல. பார்த்ததே இல்லைன்னுதான் சொல்லணும்." படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அது நடிப்பு இல்லை. "இதை ஊர் பார்க்கணும், நறுமுகை."

அமலோற்பவத்திடம் போய்க் கேட்டபோது அவர் யோசிக்கக்கூட இல்லை. "இவ்வளவு நாளும் யாரும் பாக்கல. பாக்கட்டுமே."

நறுமுகை தனக்குள் ஒரு பெரிய ஆசையை வைத்திருந்தாள். இந்தப் படங்களைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் தங்களைத் தேடுவார்கள். தன் கால் எப்படித் திரும்பியிருக்கிறது, தன் சிரிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார்கள். ஊசி போட வரிசையில் நிற்கும் பிள்ளைகள், வேண்டாம், இப்படியே இருந்துகொள்கிறோம் என்று சொல்வார்கள்.

உருவகத்தின் பெரிய கூடத்தில் கண்காட்சி திறந்தது. நகரமே திரண்டு வந்தது. ஒரே முகமுள்ள ஆண்கள், ஒரே முகமுள்ள பெண்கள், படங்களுக்கு முன்னால் நின்றார்கள். முதுகுப் படத்துக்கு முன்னால் ஒரு நடுவயதுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். தூங்கும் படத்துக்கு முன்னால் குழந்தைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டன. காறை எலும்பின் படத்தை விட்டு நகரவே யாருக்கும் மனம் வரவில்லை. நகரத்தில் யாரும் இவ்வளவு நேரம் ஒரு மனித உடம்பைப் பார்த்ததில்லை. அமலோற்பவம் வந்தபோது கூட்டம் வழிவிட்டது. யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஒரு பெண் கிட்டே வந்து, "நீங்க எவ்வளவு அழகு" என்றாள். அமலோற்பவம் நறுமுகையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மறுவாரம் உருவகத்தின் வாசலில் வரிசை நின்றது.

"அந்தத் தோள் வேணும்" என்றாள் முதலில் வந்தவள்.

நறுமுகைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மறுத்தாள். ஒவ்வொருவராக உட்காரவைத்து எடுத்துச் சொன்னாள். அந்தத் தோள் ஒரு வலிப்பில் ஒடிந்தது. அந்தச் சுருக்கம் அமலோற்பவம் சிரித்துச் சிரித்து வந்தது. உங்களுடையது உங்களிடம்தான் இருக்கிறது என்றாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக் கேட்டார்கள். "ரொம்ப உண்மை மேடம், அதனாலதான் அது வேணும்" என்றார்கள்.

அவள் வேலையை விட்டு விலகினாள். அதனால் எதுவும் நிற்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த படங்களை வடிவி ஒரே பார்வையில் படித்துக்கொண்டது. புது வார்ப்புக்கு 'அமலி' என்று பெயர் வைத்தார்கள். விளம்பரத்தில் 'உங்களைப்போல் நீங்கள் ஒருவரே' என்று எழுதியிருந்தது. மழைக்காலம் வருவதற்குள் நகரத்துப் பெண்களில் பாதிப்பேரின் இடது தோள் இறங்கிவிட்டது. நுண்கொத்தர்கள் அவர்களுடைய நல்ல காறை எலும்பை நோகாமல் உடைத்து, கோணலாகக் கூட்டிவைத்தன.

நறுமுகை அழாத குறையாக அமலோற்பவத்தின் வீட்டுக்குப் போனாள்.

"வழக்குப் போடு அமலி. நானே சாட்சி சொல்றேன்."

"பாத்துட்டேன். பதிஞ்ச வார்ப்புக்குத்தான் சட்டத்துல உரிமை உண்டு. பொறந்த உடம்பு யாரும் செஞ்ச உருவம் இல்லியாம். அது யாருக்கும் சொந்தமில்ல." அமலோற்பவம் தோளைக் குலுக்கினார். "விடு. நீ எனக்கு என்ன கெடுதலா செஞ்ச? எங்க அப்பாவைக் காட்டின. இப்ப எல்லாரும் என்னைப் பாத்துத்தான் பேசுதாங்க, எதிர்க்கட்சி வக்கீல் உட்பட. நீ கரியை எடு. நாம விட்ட இடத்துல இருந்து ஆரம்பிப்போம்."

தொடங்கினார்கள். இப்போது வரைவது முன்னைவிடக் கடினமாக இருந்தது. அமலோற்பவம் மாறிக்கொண்டே இருந்தார். கோப்புப் பையை மறுதோளுக்கு மாற்றியிருந்ததால் இடது தோள் கொஞ்சம் ஏறியிருந்தது. முன்நெற்றியில் நரை கூடியிருந்தது. பார்க்கப்படுகிற உடம்பு குறுகுவதை நிறுத்திவிட்டதால் கழுத்து நிமிர்ந்திருந்தது. போன வருஷத்துக் கோடுகள் எதுவும் உதவவில்லை. ஒவ்வொரு முறையும் நறுமுகை புதிதாகப் பார்த்தாக வேண்டியிருந்தது. இந்தப் பெண்ணை வரைந்து முடிக்கவே முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் காலை இருவரும் நீதிமன்றத்துக்குப் போகும் படகுக்காகத் துறையில் நின்றிருந்தார்கள். பக்கத்தில் ஓர் இளம்பெண். புதிதாக வார்த்துக்கொண்டவள், தோலில் இன்னும் அந்த மினுமினுப்பு போகவில்லை. இறங்கிய இடது தோள், காறை எலும்பில் சின்ன மேடு, கண்ணோரத்தில் விசிறிச் சுருக்கம், எல்லாம் கச்சிதமாக இருந்தன. அவள் அமலோற்பவத்தை ஒருமுறை பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள். பிறகு தயக்கத்தோடு கிட்டே வந்தாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்களும் அமலிதானே?"

"ஆமா" என்றார் அமலோற்பவம்.

"எங்க போட்டீங்க? சரியா வரலையே அக்கா. தோள் தூக்கிக்கிட்டு நிக்குது. கழுத்தும் நேரா இருக்கு. நரையெல்லாம் அவங்களுக்குக் கிடையாது. விலை குறைச்சலான இடத்துல ஏமாந்துட்டீங்கபோல."

நறுமுகை வாயைத் திறந்தாள். அமலோற்பவம் அவள் கையை அழுத்தினார்.

"அப்படியா? எனக்குத் தெரியலையே."

"இருங்க, காட்டறேன்." அந்தப் பெண் உள்ளங்கையை விரித்தாள். காறை எலும்பின் படம் அதில் ஒளிர்ந்தது. அதை ஏந்திக்கொண்டு படத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு மற்றக் கையால், மிகுந்த கனிவோடு, அமலோற்பவத்தின் இடது தோளைப் பிடித்து மெல்லக் கீழே அழுத்தினாள். தாடையைத் தொட்டு முகத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளினாள். மறுபடி படத்தைப் பார்த்துக்கொண்டாள். ஓர் எட்டுப் பின்னால் போய் நின்று, திருப்தியாகத் தலையசைத்தாள்.

"ஆங், அப்படியே அசையாம நில்லுங்க. இப்பத்தான் அவங்க மாதிரி இருக்கீங்க."